தலையிடி என்று எழுதினோம்



இந்த உரையை எழுதியவர்கள் மூவர். வாசிப்பது ஒருத்தி. ஆகையால் உரை முழுவதும் ‘நாங்கள்’ என்றே வரும். நாங்கள் மூவரும் 1989இல் உயர்தரம் எழுதிய வகுப்பு. விடுதியில் ஒரே வரிசையில் எங்கள் கட்டில்கள். ஒருத்திக்கு வீடு தெரணியகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில். ஒருத்திக்கு இறக்குவானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில். மற்றவள் எட்டியாந்தோட்டைக் கடைவீதிப் பிள்ளை. மூவருக்கும் இன்று ஒரே தொழில்: உளமருத்துவச் சமூகப் பணி. இருவர் சபரகமுவவிலேயே தங்கிவிட்டோம். மூன்றாமவள் கனடாவில், ஸ்காபரோவில், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட உளநலக் குழு ஒன்றை நடத்துகிறாள். இந்தத் தொழிலைப் பற்றியும் அதில் ‘தலைமைத்துவம்’ பற்றியும் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான், இதை ஒரு பழைய தவறிலிருந்து தொடங்காமல் எங்களால் பேச முடியாது என்று தெரிந்தது. அந்தத் தவறுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாம் சிறுமிகளாக இருந்த காலத்தில் லயத்துக்கு ஒரு கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா போன சொந்தங்கள் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதுவார்கள். நீல நிறத் தாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடி அந்தத் தாள் காம்பரா காம்பராவாக வரும். பத்து வயதில் நாங்கள் வாசித்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. வாசித்ததையெல்லாம் அப்படியே சொன்னோமா என்றால், இல்லை. “தம்பிக்கு வேல கெடைக்கல, ரெண்டு நாளா அடுப்பு எரியல” என்று இருந்தால், “எல்லாரும் சொகமா இருக்காங்களாம் அப்பாயி” என்று சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்திருக்கிறோம். அப்பாயி அழுவதைப் பார்க்க எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு பொய்யாகவே நினைக்கவில்லை. பிரஜாவுரிமைப் படிவம், தந்தி, தோட்டத்து ஆபீஸ் துண்டு எல்லாம் இதே கதைதான். பெரியவர்களின் உலகத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பிள்ளை நின்றது. அந்தப் பிள்ளை தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் மறுபக்கம் கடத்தியது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமூகப் பணி படிக்கப் போகிறோம் என்றபோது வீட்டில் கேட்ட முதல் கேள்வி, “நேர்சா?” இல்லை என்றோம். “டீச்சரா?” அதுவும் இல்லை. “பின்ன என்னாதான்?” என்ற கேள்விக்கு இன்று வரை ஒரே வரியில் பதில் இல்லை. இலங்கையில் இதற்கான பயிற்சி 1952இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். தொழில் அதைவிடப் பழையது. 1905இல் பொஸ்டன் நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் றிச்சர்ட் கபொட் என்ற வைத்தியர், தான் எழுதிக் கொடுக்கும் மருந்து ஏன் பலிக்கவில்லை என்று யோசித்தார். நல்ல சாப்பாடு சாப்பிடு, ஓய்வெடு என்று எழுதுகிறோமே, அந்த வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதை அறிந்து வர ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். அங்கே அந்த வேலையை ஒரு முழுத் துறையாக வளர்த்தவர் ஐடா கனன். எங்கள் வேலையும் அதேதான். வைத்தியர் நோயைப் பார்ப்பார். நாங்கள் சமைப்பது யார், கடன் யாரிடம், மாத்திரைப் பொட்டலம் யார் கையில், குடித்துவிட்டு வருபவர் எத்தனை மணிக்கு வருவார், அப்போது பிள்ளைகள் எங்கே ஓடும் என்று கேட்போம். கேட்டுவிட்டு எழுதி வைப்பதோடு முடிவதில்லை. அந்த வீட்டில் ஒன்றையாவது மாற்றப் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தவறு. 1990களின் நடுப்பகுதி. ஒரு வைத்தியசாலையின் உளநலக் கிளினிக். எங்களில் ஒருத்தி அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யார் என்று சொல்வதில்லை என மூவரும் முடிவு செய்தோம், ஏனென்றால் அன்று அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். காலை பத்து மணி, வாங்கு நிறைய ஆட்கள். ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கூட வந்த மகளுக்குப் பத்து வயது. பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் கிராமத்துச் சிங்களப் பாடசாலையில் படிக்கிற பிள்ளை. நல்ல சிங்களம் பேசியது. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை மேசையருகே நின்று கேள்வியைத் தாயிடம் தமிழில் கேட்டது, பதிலை வைத்தியரிடம் சிங்களத்தில் சொன்னது. நாங்கள் அறையின் மறுபக்கத்தில் மருந்துக் கொப்பியோடு இருந்தோம். தமிழ் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் நாங்கள்தான். எழுந்து போயிருக்கலாம். பிள்ளைதான் நன்றாகச் சொல்கிறதே என்று இருந்துவிட்டோம்.

தாய் நீண்ட நேரம் பேசுவதைக் கண்டோம். கேட்கவில்லை. பிள்ளை இரண்டே சொல்லில் முடித்தது: தலையிடி, நித்திரை இல்லை. கொப்பியில் அப்படியே எழுதினோம். போகும்போது “கெட்டிக்காரி” என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டி ஒரு டொபி கொடுத்தோம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தத் தாயைத் தோட்டத்து லொறியில் கொண்டு வந்தார்கள். உயிர் தப்பியது. அந்தக் காலத்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். 1998இல்தான் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. ஆகவே வாக்குமூலம் எடுக்கக் கட்டிலருகே ஒரு பொலிஸ்காரர் நின்றார். மகள் வார்ட்டுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றது. பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். கேட்காமலேயே அது சொன்னது: “அம்மா சொன்னத நான் சொல்லல மிஸ். சொன்னா அம்மாவ அங்கொடைக்குக் கொண்டு போயிருவாங்கல்ல.”

தாய் அன்று கிளினிக்கில் சொன்னது இது: “புள்ளைகள யாரு பாப்பான்னுதான் இருக்கேன். இல்லாட்டி எப்பவோ போயிருப்பேன்.” பத்து வயதுப் பிள்ளை அதைத் தன் வாயால், வேறொரு மொழியில், வெள்ளைக் கோட் போட்ட ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். நீலத் தாளை மடித்துக் கொடுத்த நாங்களே.

இந்தச் சம்பவத்தை இங்கே சொல்ல அந்தத் தாயிடம் அனுமதி கேட்டோம். “சொல்லுங்க. தோட்டத்துப் பேர மட்டும் போடாதீங்க” என்றார். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். அந்த மகள் இன்று என்ன செய்கிறாள் என்று இடைவேளையில் யாரும் எங்களிடம் கேட்க வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

அங்கொடை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1926இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலையின் ஊர்ப் பெயரே தமிழிலும் சிங்களத்திலும் வசைச் சொல்லாகிவிட்டது. நம் விடுதியிலும் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், மறுக்க முடியாது. 2008இல் அது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியது. அங்கே நல்ல வேலை நடக்கிறது. 2005இல் வந்த மனநலக் கொள்கை, ஆட்களைக் கொழும்புக்கு அனுப்புவதைக் குறைத்து மாவட்ட வைத்தியசாலைகளிலேயே பார்க்க வேண்டும் என்று சொன்னது. அதன் பிறகு உளநல வைத்திய அதிகாரிகள் மாவட்டங்களுக்கு வந்தார்கள். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம். ஆனால் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல்தான் இன்னும் நிற்கிறோம். லயத்தில் உள்ள பயம் அந்தச் சட்டத்தின் வயதுடையது. சுற்றறிக்கையால் அது போகாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு விதி வைத்தோம். நாங்கள் இருக்கும் எந்தக் கிளினிக்கிலும் பிள்ளை மொழிபெயர்க்காது. கணவனும் கூடாது, மாமியாரும் கூடாது. கேட்க எளிது. நடைமுறையில் இந்த விதிக்காக நாங்கள் சண்டை பிடித்த அளவுக்கு வேறு எதற்கும் பிடிக்கவில்லை. “அப்போ யார் சொல்வது? உங்களில் ஒருத்திதானே இருக்கிறாள்” என்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டால், அவர் அதே தோட்டத்துக்காரராக இருப்பார். சாயங்காலத்துக்குள் கதை லயம் முழுக்கப் போய்விடும். ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பவர் நோயாளிக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்கார வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லாமல் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எதையும் சுருக்கக் கூடாது, நாகரிகமாக்கக் கூடாது. அழுதால் அழ விட வேண்டும். அவர் நீளமாகப் பேசி மொழிபெயர்ப்பு குட்டையாக வந்தால் நிறுத்தி, மறுபடி கேட்க வேண்டும்.

நுவரெலியாவில் இருக்கிற தோழிகள் இதைக் கேட்டு வியப்பார்கள். அங்கே மலை முழுக்கத் தமிழ்க் குரல். நம் பக்கம் அப்படியில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் தனித்தனியாகக் கிடக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குச் சிங்களம் வரும். கடையில் அரிசி வாங்குவார்கள், பஸ்ஸில் சண்டை போடுவார்கள், பக்கத்துக் கிராமத்துக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். அதைப் பார்த்து, ‘இவர்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே’ என்று வைத்தியசாலையில் நினைத்துவிடுகிறார்கள். அரிசி வாங்கும் மொழியில் மனசைச் சொல்ல வராது. எங்கள் முப்பது வருட வேலையில் நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

தமிழிலேயே கேட்டாலும் போதாது, எந்தத் தமிழ் என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் புத்தகத் தமிழில் “உங்களுக்கு மனச்சோர்வு உண்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சோர்வா? காலையில இருந்து மல ஏறி எறங்கினா சோர்வில்லாம என்னா மிஸ்?” என்றார். லயத்தில் மனச்சோர்வுக்கு வேறு பெயர்கள் உண்டு. “யோசனை” என்பார்கள். “அவளுக்கு ஒரே யோசன” என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும். “நெஞ்ச அடைக்குது”, “ஒடம்பெல்லாம் எரியுது”, “சோறு எறங்கல”, “சத்தம் கேட்டா திக்குங்குது” என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யோசனை என்றால் கடனா, மகளா, குடியா? திக்கென்கிறது என்றால், அதை எப்போது முதல் என்று கேட்க வேண்டும். காவத்தைப் பக்கம் ஒரு பாட்டி, “கலவரத்துலருந்து” என்றார். எந்தக் கலவரம் என்று மறுபடி கேட்க வேண்டி வந்தது. நம் தோட்டங்களுக்கு 1977 உண்டு, 1981 உண்டு, 1983 உண்டு. அவருக்கு மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தன. தன்னைக் கூரைக்கு மேல் ஒளித்துவைத்த சிங்களத்துப் பெண்ணின் பெயர் மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

‘யோசனை’ என்ற சொல் நம்முடையது மட்டும் என்று நினைத்திருந்தோம். சிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுவோரும் இதே நோயை ‘அதிகமாக யோசிப்பது’ என்று பொருள்படும் ஒரு சொல்லால்தான் சொல்கிறார்கள் என்று பிறகு வாசித்தோம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர் தன்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு இளம் பெண்ணைத் தற்கொலையில் இழந்தார். வைத்தியசாலைக்கு வர பஸ் காசு இல்லாததால் அவள் வரவில்லை என்று தாய் சொன்னாராம். 2006இல் அவர் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மர வாங்குகளில் உட்கார வைத்தார். பிரச்சினையோடு வருகிறவர் அந்த வாங்கில் பாட்டியோடு பேச வேண்டியதுதான். 2016இல் அதன் பலன் முறையான ஆய்வில் நிரூபணமானது. பஸ் காசு என்ற சொல்லைப் படித்ததும் எங்கள் மூவருக்கும் ஒரே முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

நம் தோட்டத்தில் பஸ் காசு மட்டுமல்ல, பேர் போகும். கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் அன்றைய பேர் இல்லை, சம்பளம் இல்லை. மாத ஊசிக்கு வராதவர்களை ‘ஒத்துழைக்காதவர்’ என்று கொப்பியில் எழுதுவது வழக்கம். அவர்களோடு போய்க் கணக்குப் பார்த்தால், அந்த ஊசிக்கு அவர்கள் கொடுக்கும் விலை எங்களுக்கே கட்டாது. சரி, கிளினிக்கைத் தோட்டத்துக்குக் கொண்டு போவோம் என்று முடிவு செய்தோம். இங்கேதான் செயலாளர் கேட்ட ‘தலைமைத்துவம்’ வருகிறது. அதில் பெரும்பகுதி ஒரு வாங்குக்கும், ஒரு அறைச் சாவிக்கும், ஒரு அரை நாள் பேருக்கும் அலைந்ததில் கழிந்தது.

நேரம் முதல் பிரச்சினை. ரப்பரில் விடியலோடு பால் வெட்டி, சிரட்டையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் அளந்து முடிய மதியமாகும். அதற்குப் பிறகு வந்தால் ஆட்களைப் பிடிக்கலாம். மழை பெய்தால் வெட்டு இல்லை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் பேரும் இல்லை, கையில் காசும் இல்லை, கசிப்பு மட்டும் கடனுக்குக் கிடைக்கும். மழைக்காலத்தில்தான் எங்களுக்கு வேலை அதிகம். தேயிலையில் மாலைக் கொழுந்து நிறுத்து வீடு வர இருட்டிவிடும். அங்கே நேரத்தை எப்படியும் தோட்டத்து நேரத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். துரையிடம் போனோம். ஒருவர் சிரித்தார். ஒருவர் “பைத்தியக் கிளினிக்கா, என் தோட்டத்திலா?” என்றார். மூன்றாமவர் கணக்குக்காரர். வேலைக்கு வராத நாட்களின் புள்ளியைத் தன் செக்ரோலிலிருந்து தானே எடுத்துப் பார்த்தார். பிறகு அரை நாள் பேர் தருகிறேன், ஆனால் ‘சுகாதாரக் கிளினிக்’ என்றுதான் போர்ட் போட வேண்டும் என்றார். எங்களில் ஒருத்திக்கு இன்னும் இதில் உடன்பாடில்லை. ஒளித்து வைத்தால் வெட்கம் வளரும் என்பாள். மற்ற இருவரும் போர்டைப் போட்டோம். வெற்றிலைக் கொப்பியோடு மூன்று பெண்கள் வந்தார்கள், அடுத்த மாதம் ஒன்பது பேர்.

வாங்கைப் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் போட்டோம். பிள்ளையை எடுக்க வருகிற தாய் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மடுவத்தில் முப்பது வருடம் பிள்ளை பார்த்து ஓய்வுபெற்ற ஆயாம்மா ஒருவரைப் பழக்கினோம். எங்களுக்குக் கேட்கத் தெரியாத கேள்விகளை அவர் கேட்டார். கோயில் பூசாரியும் சேர்ந்துகொண்டார். திருநீறு போட்டு மூன்று நாள் பார்ப்பார், சரிவராவிட்டால் துண்டுச் சீட்டு எழுதி எங்களிடம் அனுப்புவார். மந்திரிப்பைப் பழித்துப் பேசிய எங்கள் இளமைக் காலத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவரிடம் போனவர்கள் குறைந்தது யாரிடமாவது தமிழில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தொழிலைப் பெருமையாகவே பேசிவிட்டுப் போகக் கூடாது. 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக அதிகமான வீதங்களில் ஒன்று. பிறகு இருபது ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கியது. அதைச் செய்தது நாங்கள் அல்ல. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளையும் களைகொல்லிகளையும் 1995இலிருந்து 2011 வரை படிப்படியாகத் தடை செய்தார்களே, அதுதான் பெரும்பாலும் செய்தது. ஒரு மோசமான இரவில் கைக்கெட்டும் தூரத்தில் எமன் இல்லாதிருந்தால், விடிந்த பிறகு பலர் வாழவே விரும்புகிறார்கள். ஆயிரம் உளவளத்துணை அமர்வுகளால் முடியாததை ஒரு வர்த்தமானி அறிவித்தல் செய்தது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் முதல் நாள் சொல்வோம், மாணவிகளின் முகம் கொஞ்சம் வாடும். வாடட்டும். அந்த இரவைத் தாண்டியவரோடு மறுநாள் யார் உட்காருவது என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் எங்களுக்கு வேலை.

2016 மே 17 பற்றியும் சொல்ல வேண்டும். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் போனார்கள். பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. முகாமுக்குப் போனபோது எங்களைப் போல ஆலோசனை சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். சுனாமிக் காலத்தில் கற்ற பாடம் கைகொடுத்தது: முதல் வாரத்தில் யாரையும் ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேட்காதே. தண்ணீர், உடுப்பு, காணாமல் போனவர் பற்றிய செய்தி, இவைதான் முதல் மருந்து. நாங்கள் செய்தது பெரும்பாலும் படிவம் நிரப்பியதும், அடையாள அட்டை மண்ணில் போனவர்களோடு வரிசையில் நின்றதும்தான். ஒரு தாத்தா உடல் இல்லாமல் கருமாதி செய்யலாமா என்று கேட்டார். அதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. பூசாரியைத் தேடிக் கூட்டி வந்தோம். இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றோம்.

2022இல் டீசல் இல்லை, பஸ் இல்லை, சில மாத்திரைகளும் இல்லை. அந்த ஆண்டு நடந்தே போனோம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டில் எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள்.

ஸ்காபரோத் தோழியின் பகுதி இனி. அவள் எழுதி அனுப்பியதன் சுருக்கம் இது. அங்கே சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது எடுக்கலாம். வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவள் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் மாதத்தில் ஒரு தமிழ்ப் பாட்டியைக் கூட்டி வந்தார்கள். பதினொரு வயதுப் பேரன் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டி நீளமாகப் பேசினார், பேரன் “அவவுக்குத் தலையிடி” என்றான். எங்கள் தோழி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பேரனை வெளியே விளையாட அனுப்பினாள். பாட்டியின் பேச்சில் யாழ்ப்பாணம் இல்லை, நம் மலைப் பேச்சு இருந்தது. “எந்தத் தோட்டம் அப்பாயி?” என்று கேட்டிருக்கிறாள். பாட்டி வாயடைத்துப் போனார். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977இல் ஓடி வவுனியாவுக்குப் போன குடும்பம். அங்கே யுத்தம், பிறகு மகனோடு கனடா. நாற்பது வருடமாகத் தோட்டத்துக்காரி என்று யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். இப்போது அவளுடைய குழுவில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை என்பது எழுத்தில் உள்ள விதி. அதை நிறைவேற்ற அவளுக்கு இரண்டு வருடமும் பல கூட்டங்களும் தேவைப்பட்டன.

நம் சங்கத்திடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. நம் புலமைப்பரிசில் நிதியால் இதுவரை வைத்தியம், பொறியியல், கணக்கியல் படித்த பிள்ளைகள் பயனடைந்தார்கள். மகிழ்ச்சி. இனி ஆண்டுக்கு இருவராவது சமூகப் பணியோ உளவியலோ படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும், இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகளாக இருக்கட்டும். எங்கள் இருவருக்கும் ஓய்வு வயது நெருங்குகிறது. எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் பின்னால் இன்று தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. படிக்கும் வயது தாண்டியவர்களுக்கும் வேலை இருக்கிறது. இரண்டு மொழியும் சரளமாக வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இந்த மண்டபத்தில் முப்பது பேராவது இருப்பீர்கள். மாதத்தில் ஒரு பகல் வந்து, நோயாளிக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து, சொல்வதைச் சுருக்காமல் சொல்ல வேண்டும். பழக்குவது எங்கள் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவர்கள் பஸ் காசு நிதிக்குச் செயலாளரிடம் எழுதலாம்.

உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது இரவு பொறுக்க முடியாததாக இருந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. பிள்ளைகளுக்கு 1929. கொழும்பில் 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது. எடுப்பதற்குப் பைத்தியமாக இருக்க வேண்டியதில்லை.

விடுதிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், முன்பு கடிதங்கள் பிரித்துக் கொடுப்பார்களே, அந்த இடத்தில் ஒரு மேசை போட்டு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், தொலைபேசி இலக்கம், வரக்கூடிய கிழமை, இவை மூன்றும் எழுதினால் போதும். தேநீர் இடைவேளை முடியும் வரை அங்கேதான் இருப்போம்.